கரைசல் அறைச் சாவி

மாமனாரின் தொழிற்கூடத்தில் மாப்பிள்ளைக்கு ஒரே வேலை, மற்றவர்கள் வேலை செய்வதை மேற்பார்வையிடுவது. அதையும் அவர் உட்கார்ந்தபடிதான் செய்தார். கரைசல் அறைச் சாவி மட்டும் கைக்கு வந்துவிட்டால் கூடமே தன் சொல்லுக்கு ஆடும் என்பது அவர் கணக்கு. "மொத்த வியாபாரி வந்து பாத்துட்டுப் போகட்டும், தர்றேன்" என்று மாமனாரும் சொல்லியிருந்தார்.

அங்கே தயாராவது இடுப்பு வலிக்கான ஒத்தடப் பை. கொதிக்கும் தண்ணீரில் ஒரு வகை உப்பைக் கொட்டிக் கரைப்பார்கள். சூட்டில் தண்ணீருக்குப் பேராசை வந்துவிடும்; ஆறினால் தாங்க முடியாத அளவை அப்போது விழுங்கிவைக்கும். மூடி, அசைக்காமல் ஆறவைத்தால், ஒன்றும் தெரியாத சாதுபோலத் தெளிந்து கிடக்கும். அதே உப்பில் ஒரு துணுக்கு விழட்டும், கரைந்ததெல்லாம் சுட்டுக்கொண்டே கட்டியாகிவிடும். பைக்குள் நடந்தால் அது ஒத்தடம். தொட்டிக்குள் நடந்தால் அன்றைய வேலை பாழ்.

அதனால்தான் உப்புக் கிடங்கிலிருந்து வருகிறவர் யாராக இருந்தாலும் முழங்கை வரை கழுவி, சட்டைக்கு மேல் அங்கி மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். போன வாரம், பை நிரப்பும் அக்காவின் கையில் லேசாக வெள்ளைத் தூசியைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை வாசலிலேயே நிறுத்தினார். "உங்க வீட்ல தண்ணிக் குழாயே இல்லையாம்மா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். அவள் முகம் சுண்டிப்போயிற்று. மாமனார் தொழில் தொடங்கிய நாளிலிருந்து கூட இருப்பவள். மாப்பிள்ளையோ அந்த வசனத்தைச் சாப்பிடும்போது மனைவியிடம் இரண்டு தடவை சொல்லிச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

வியாபாரி வந்தார். மாப்பிள்ளை அவரை முதலில் கிடங்குக்குக் கூட்டிப்போய், உப்பைக் கை நிறைய அள்ளிச் சரியவிட்டுக் காட்டினார். அங்கிருந்து நேரே கரைசல் அறை. வாசலில் அக்கா சோப்பை நீட்டினாள்.

"கை கழுவிட்டு..."

"அதெல்லாம் உங்களுக்கும்மா."

உள்ளே போய்த் தொட்டியின் மூடியைத் திறந்தார். "கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க சார்" என்று கரண்டியை விட்டுக் கலக்கினார். சட்டைக்கை மடிப்பிலிருந்து என்ன உதிர்ந்ததோ, வெள்ளை வெள்ளையாகப் படர்ந்தது. அவர் அடுத்த வார்த்தையைத் தேடுவதற்குள் தொட்டி முழுக்க இறுகிவிட்டது. கரண்டியை இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். அது நட்டுவைத்த கம்பம்போல நின்றது.

வியாபாரி தொட்டியைத் தொட்டுப் பார்த்தார். "நல்லா சுடுதே. சரக்கு சுத்தம்" என்று அங்கேயே ஆர்டர் கொடுத்தார்.

"அதைக் காட்டத்தான் சார் உப்பைப் போட்டேன்" என்றார் மாப்பிள்ளை.

மாமனார் வியாபாரியை வழியனுப்பிவிட்டு வந்து கரண்டியைப் பார்த்தார். "இந்தக் கட்டியை மறுபடி காய்ச்சினா கரைஞ்சிடும். உங்களை என்ன பண்றதுன்னுதான் தெரியல" என்றவர், சாவியை எடுத்து அக்காவின் கையில் வைத்தார்.

மறுநாள் காலை மாப்பிள்ளை குழாயடியில் விரல் நுனியை நனைத்துக்கொண்டு கதவருகே வந்தார். அக்கா வழியை விட்டு நகரவில்லை.

"முழங்கை வரைக்கும், மாப்பிள்ளை."