பாத்துமுத்துவை அவிழ்த்துவிட்ட பெருநாள்

பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர்கள் அந்த ரம்ஜான் மாதத்தில் மாலையானால் தரையில் நிற்கமாட்டார்கள். உடம்பின் கனமெல்லாம் மலைப்பாதையிலேயே போய்விட்டிருந்தது. அதற்கு மேல் நோன்பு வேறு. அஸர் தொழுகை முடிந்ததும் பாதங்கள் மெல்ல எழும்பும். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று முதலாளி ஓடிப்போன ராயபுரம் கிடங்கில்தான் அவர்களைத் தங்கவைத்திருந்தார்கள். கடற்காற்று கொண்டுபோய்விடக் கூடாதே என்று, துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கஸ்பாரின் மனைவி சிலுவையம்மாள் ஒவ்வொருவரையும் வலைக்கயிற்றால் தூணோடு கட்டிவைப்பாள். வண்ணாரப்பேட்டை மண்டிகளில் கேட்டு வாங்கிய நொய்யில் கஞ்சி காய்ச்சுவாள். பாங்கு ஒலித்துக் கஞ்சி உள்ளே போனதும் எல்லோரும் இறங்கிவிடுவார்கள்.

பாத்துமுத்து மட்டும் இறங்கவில்லை. புருஷனை ரங்கூனில் குண்டுவீச்சுக்குப் பறிகொடுத்து, மகளைத் தோளில் சுமந்து நடந்தவள். கஞ்சியைக் குடித்தும் நாளுக்கு நாள் உயரே போனாள்.

"யக்கா, கயித்த அவுத்துடுங்க," என்றாள். "கணவாயில புள்ள மூச்சு நின்னுபோச்சு. தோண்ட நேரமில்ல. எலையப் போட்டு மூடிட்டு வந்துட்டேன். தனியா கெடக்கா."

"பேஜாரு பண்ணாத தாயி, இன்னும் கொஞ்சம் குடி," என்றாள் சிலுவையம்மாள். மறுநாள் கயிற்றின் மறுமுனையைத் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டாள். அவளுடைய குதிகாலும் தரையை விட்டு எழும்பியது. ஆனாலும் விடவில்லை.

கஸ்பார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். "நம்ம சூசைய காசிமேட்டு கல்லறைல வச்சிகீறோம். நெனச்சா போயி பக்கத்துல குந்திக்கிற. இந்தப் பொண்ணுக்கு அதுகூட இல்லியே, இன்னாமே," என்றான்.

இறந்த மகனின் பெயரை அவன் சொல்லிக் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. அன்றிரவு அவள் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்துவைத்தாள்.

பெருநாள் காலை, தொழுகை முடிந்ததும், சிலுவையம்மாள் பாத்துமுத்துவுக்குத் தலை வாரிவிட்டாள். பிள்ளையைப் போர்த்த அந்த வெள்ளைத் துணியையும், மண் தோண்ட ஒரு களைக்கொத்தையும் பாத்துமுத்துவின் முந்தானையில் முடிந்தாள். இரும்பு இருந்தும் அவள் தாழவில்லை. சிலுவையம்மாள் தன் இடுப்பிலிருந்த கயிற்று முடிச்சை அவிழ்த்தாள்.

"ஆழமா தோண்டு தாயி. நரி கிரி வரும்."

பாத்துமுத்து துறைமுகத்துக் கப்பல்களின் மேலாக எழும்பி, காட்டுப்பள்ளிப் பக்கம் திரும்பி, வடக்கே போனாள். கட்டுமரக்காரர்கள் சிலர் துடுப்பை நிறுத்தி அண்ணாந்து பார்த்துவிட்டு வலையை இழுத்தார்கள்.

மதியம் நிவாரணக் கமிட்டிக்காரர் பொன்னுரங்கம் அரிசியோடு வந்தார். ஒருத்தி குறைகிறாளே என்றார்.

"புள்ளய அடக்கம் பண்ண போயிகீது," என்றாள் சிலுவையம்மாள்.

அவர் தலையாட்டினார். வழிக்கு ஏதாவது கொடுத்தனுப்பினாயா என்று மட்டும் கேட்டுவிட்டு, மூட்டையை இறக்கச் சொன்னார்.