ஊருணி கேட்ட தீர்மானம்

"கால எடுங்க ஆச்சி! எடுங்கன்னா எடுங்க!" என்று பொன்னுத்தாயி கரையிலிருந்து கத்தினார். "முழங்கால் நனைய எறங்கி மோந்தாத்தான்டி தண்ணி. பஞ்சாயத்து மெம்பராயிட்டா எனக்கே தண்ணியெடுக்கச் சொல்லிக் குடுப்பியோ?" என்ற தேனம்மை ஆச்சி, குடத்தோடு வலது காலை ஊருணிக்குள் வைத்தார். தண்ணீர் நான்கு முழம் விலகியது. இன்னொரு எட்டு வைத்தார். இன்னும் நான்கு முழம் போனது. நாலா பக்கமும் ஆட்கள் இறங்கிப் பார்த்தார்கள். சேறு தெரிய ஒதுங்கிய தண்ணீர், நடுவில் வைக்கோற்போர் உயரத்துக்குக் குவிந்து நின்றது. எல்லாரும் கரையேறியதும் பழையபடி பரவிக்கொண்டது. 1966 தை மாதம், திங்கட்கிழமை. காரைக்குடியில் சந்தை என்பதால் ஆண்களில் பாதிப்பேர் இதைப் பார்க்கவில்லை. பிறகு, பார்த்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அரியக்குடிக்குப் பக்கத்திலுள்ள இந்த ஊருக்கு நரம்புச்சிலந்தி புதிதல்ல. சித்திரை பிறந்தால் வீட்டுக்கு ஒருவர் காலில் கொப்புளம் வெடித்து, நூல் போலப் புழு வெளிவரும். அதைக் குச்சியில் நாளுக்கு ஒரு விரற்கடை சுற்றிக்கொண்டு படுத்துக் கிடப்பார்கள். எரிச்சல் தாங்காவிட்டால் ஊருணியில் காலை நனைத்துக்கொண்டு நிற்பார்கள். சுகாதார ஆய்வாளர் சத்தியமூர்த்தி சைக்கிளில் வந்து, "அந்தக் காலுலேருந்து தண்ணிக்குள்ள போறதத்தான் மோந்து குடிக்கிறீக. இந்த வருஷம் குடிச்சது அடுத்த வருஷம் உங்க கால்ல வரும்" என்றார். ஊர் சிரித்தது. பொன்னுத்தாயி சிரிக்கவில்லை. அவர் மகள் அக்கம்மாளுக்கு மூன்று சித்திரையாகப் புழு. மூன்று தடவை கல்யாணம் தள்ளிப்போனது. அமராவதிபுதூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருந்த மாப்பிள்ளை மருதுவின் வீட்டார், இன்னும் இரண்டு வருஷம் பொறுப்போம், அறுபத்தேழு சித்திரையிலும் பெண் நொண்டினால் வேறு இடம் பார்ப்போம் என்று ரகசியமாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். ரகசியம் என்பதால் ஊர் முழுக்கத் தெரியும்.

பெண் ஒருத்தியும் இருக்கட்டும் என்று பஞ்சாயத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர் பொன்னுத்தாயி. கையெழுத்துப் போட்டால் போதும் என்று தலைவர் நாகநாதன் நினைத்திருந்தார். அவரோ மூன்று கூட்டம் விடாமல் பேசி ஒரு தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டார்: ஊருணியில் யாரும் கால் வைக்கக்கூடாது, ஆழம்வரை நீளும் மேடை கட்டி, வாளி இறக்க உருளையும் பஞ்சாயத்தே மாட்டித்தர வேண்டும். தமுக்கடித்துக் கரையிலேயே அதை வாசித்தார்கள். ஜனங்கள் முதல் பாதியை மறந்தார்கள், தலைவர் இரண்டாம் பாதியை மறந்தார். தண்ணீர் மட்டும் எதையும் மறக்கவில்லை. வேறு இடத்தில் வாசித்திருந்தால் அதற்குத் தெரிந்திருக்காதே என்று நாகநாதன் பிற்பாடு வெகுவாக வருத்தப்பட்டார்.

ஊருணிக்குப் படி கிடையாது, சரிவுதான். ஓரத்தில் கணுக்கால் தண்ணீரில் குடம் முங்காது; வாளியை வீசினால் சேறு வந்தது. வீட்டுக் கிணறுகளோ உப்பு. வெறுங்குடத்தோடு பெண்கள் தலைவர் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். "உங்க தீர்மானத்தத்தான் கேக்குது தலைவரே, நீங்களே வந்து கூப்புடுங்க." அவர் போய்த் தண்ணீரிடம் மரியாதையாகப் பேசிவிட்டுக் காலை வைத்தார். அவருக்கு எட்டு முழம் விலகியது. சிமெண்டுக்கு பர்மிட் வரவேண்டும் என்று ஒரு வாரம் ஓட்டினார். ஒன்பதாம் நாள் ஆச்சி, தம் வீட்டுப் பின்கட்டைக் கட்ட இறக்கி வைத்திருந்த கல்தூண்களையும் பலகைக் கற்களையும் வண்டியில் அனுப்பினார். "முழங்கால் நனையாட்டிப் போகுது. ரசத்துக்குத் தண்ணி வேணும்ல." பதினோராம் நாள் மேடை நின்றது. பொன்னுத்தாயி கயிற்றை விட்டார். தண்ணீர் உருளைக்கு நேர்கீழே வந்து நின்று கொடுத்தது.

அந்தச் சித்திரையிலும் அக்கம்மாளுக்குப் புழு வந்தது. "மேடை கட்டியும் வந்துருச்சே!" என்று கேலி பேசினார்கள். அது போன வருஷம் குடித்தது என்று பொன்னுத்தாயி வீடுவீடாகச் சொல்லி அலுத்தார். அறுபத்தேழு சித்திரையில் ஊரே காலை நீட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வைகாசியும் கழிந்தது. ஒருவர் காலிலும் ஒன்றுமில்லை. சத்தியமூர்த்தி பதிவேட்டில் 'இல்லை' என்று எழுதியதைப் பார்த்து, ஊருக்கே போகாமல் எழுதிவிட்டார் என்று மேலதிகாரி விளக்கம் கேட்டார்.

ஆனியில் மருதுவும் அவன் வீட்டாரும் வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். அக்கம்மாள் நேராக நடந்து வந்து அவர்கள்முன் நின்றார்.

"உங்க ஊருணியில எப்படி மோப்பீக?"

"எறங்கித்தான்" என்றான் மருது.

"அப்ப மேடை கட்டிட்டு வாங்க. நான் காத்திருக்கேன்."

பொன்னுத்தாயி தலையில் அடித்துக்கொண்டார். மருது பதினான்கு மாதம் மனுவோடு அலைந்து மேடை கட்டவைத்தான். அறுபத்தெட்டு ஆவணியில் கல்யாணம். சத்தியமூர்த்தி பதவி உயர்வில் சிவகங்கைக்குப் போனார். நாகநாதன், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதென்று காரைக்குடியில் மகனோடு இருந்துகொண்டார். மருதுவின் ஊர்த் தண்ணீர் சாதாரணத் தண்ணீர், யார் இறங்கினாலும் பேசாமல் கிடக்கும். அதனால் அங்கே விடிந்ததும் கரையில் நின்று அக்கம்மாளே சத்தம் போட வேண்டியிருந்தது. இரண்டு வருஷம் கேட்டுப் பார்த்த ஊரார், எழுபதில் அவரைப் பஞ்சாயத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.