உடைமைகளுக்குப் பயணிகளே பொறுப்பு

செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் அவளை எல்லோரும் காலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் பூட்டக்கா என்பார்கள். பயணம் என்று கிளம்பிவிட்டால் அவள் செய்கிற ஏற்பாடுகள் அப்படி. பையின் ஜிப்பில் பூட்டு. கைப்பிடியில் தூரத்திலிருந்தே தெரிகிற சிவப்பு நாடா. உள்ளே பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு. பேருந்தில் பையைத் தன் தலைக்கு மேலே வைக்க மாட்டாள், எதிர்ப்பக்கத்து மேல்தட்டில்தான் வைப்பாள். "தலைக்கு மேல இருந்தா எவன் எடுக்கறான்னு எப்படித் தெரியும்? எதிர்ல இருந்தா கண்ணு தானா போயிக்கிட்டே இருக்கும்" என்பாள். கடைசியாக, பையையும் தட்டின் கம்பியையும் சேர்த்துக் கட்ட ஒரு மெல்லிய சங்கிலி.

அந்தச் சனிக்கிழமை காலை அவள் எடுத்துக்கொண்டு போனது ஒரு நர்ஸின் இடது கால். முழங்காலுக்குக் கீழே. பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு லாரி ஏறி நர்ஸுக்குக் கால் போயிருந்தது. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி, திங்கட்கிழமை வந்து நின்று காட்டினால் வேலை, இல்லையென்றால் வேறு ஆள் என்று கடிதம் அனுப்பியிருந்தது. நின்று காட்ட வேண்டுமாம். அந்தக் கடிதத்தைப் படித்த அன்றே காலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரிசையில் காத்திருந்த மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் அந்தச் செயற்கைக் காலை முடித்தாள். நர்ஸ் அனுப்பிய வெள்ளைச் செருப்பை அதன் பாதத்தில் மாட்டி, துணியில் சுற்றி, நீளமான கறுப்புப் பைக்குள் வைத்தாள். பையின் பக்கவாட்டு ஜிப் அறையில் அவளுடைய கருவிகள். அவற்றில் மூன்று கத்திகள், பதினேழு வருடமாக அவள் உள்ளங்கைக்கு ஏற்பத் தேய்ந்தவை.

ஏழு மணி நேரப் பயணம். ஏறியவுடனேயே நடத்துநர் சங்கிலியைப் பார்த்துவிட்டான்.

"அக்கா, அதெல்லாம் கட்டக் கூடாது. கம்பி வளையுது. அவுத்துருங்க."

"வளையற கம்பியா போட்டிருக்கீங்க?"

"கம்பெனி ரூல்க்கா. என்னை ஏன் கேக்கறீங்க?"

அவிழ்த்தாள். மதியம் டீசல் பங்கோடு சேர்ந்த ஒரு உணவு விடுதியில் வண்டி நின்றது. நடத்துநர் கையைத் தட்டினான். "எல்லாரும் இறங்குங்க, இருபது நிமிஷம். டீசல் போடணும், உள்ள யாரும் இருக்கக் கூடாது."

காலக்கா எழுந்து பையை இறக்கப் போனாள். அவன் வழியை மறித்தான்.

"இதைத் தூக்கிக்கிட்டு எங்கக்கா போவீங்க? உள்ள உக்கார இடமே இருக்காது. நான் வண்டியைப் பூட்டிக்கிட்டுத்தான் சாப்பிடப் போவேன். நான் பொறுப்பு."

நான் பொறுப்பு. அந்த இரண்டு வார்த்தையை அவள் நம்பினாள். கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவன் முன்கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டீ குடிக்கவே போனாள்.

இருபது நிமிடம் கழித்து ஏறிப் பார்த்தபோது எதிர்த்தட்டு காலியாக இருந்தது.

குனிந்து இருக்கைக்கு அடியில் பார்த்தாள். பின்னால் பார்த்தாள். பிறகு நடத்துநரிடம் போனாள்.

"என் பையைக் காணோம்."

அவன் தலையைக்கூடத் திருப்பவில்லை. ஓட்டுநருக்கு மேலே ஒட்டியிருந்த பலகையைக் காட்டினான். 'உடைமைகளுக்குப் பயணிகளே பொறுப்பு.'

"நீதானே பொறுப்புன்னு சொன்ன?"

"வண்டிக்குச் சொன்னேன்க்கா. பைக்கா சொன்னேன்?"

அவளுக்குக் காதெல்லாம் சூடாகியது. பதில் சொல்வதற்குள், மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பச்சைச் சட்டைக்காரர் ஆரம்பித்துவிட்டார். "முக்கியமான சாமானை விட்டுட்டு இறங்கலாமாம்மா? மடியில வெச்சிருக்கணும். நான் எங்க போனாலும் அப்படித்தான். சங்கிலி போட்டிருந்தா இப்படி ஆகுமா?" பின்னால் இரண்டு மூன்று தலைகள் ஆடின. "அப்படி என்ன இருந்துச்சு அதுல?"

"கால்."

"என்ன?"

"ஒரு பொம்பளையோட கால்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரித்தது யார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் முகம் கொடுக்கவில்லை.

விடுதிக்குப் பக்கத்திலேயே ஒரு காவல் சாவடி இருந்தது. அங்கிருந்த காவலர் தாளை எடுத்து, "கறுப்புப் பை ஒன்று, பழையது" என்று எழுதினார்.

"ஐயா, பையை விடுங்க. கால்னு எழுதுங்க. இடது கால், முழங்காலுக்குக் கீழ. செருப்போட."

"ஏம்மா, கால் காணோம்னு எழுதினா மேல இருக்கறவங்க என்னைத் திட்ட மாட்டாங்க? அது சரி, நீங்க ஏன் பையை விட்டுட்டு இறங்கினீங்க?"

பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து கணவனுக்குப் போன் போட்டாள். "ஏங்க, கால் போச்சு."

"ஐயோ! எந்த ஆஸ்பத்திரி?"

"என் கால் இல்லைங்க, நர்ஸ் கால். பையைத் திருடிட்டாங்க."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட பெருமூச்சு. அதன் பிறகு, "நீ எதுக்கு இறங்கின?"

அவள் போனை வைத்துவிட்டாள். திருடினவனை ஒருத்தர் கேட்கவில்லை. பூட்டினவனை ஒருத்தர் கேட்கவில்லை. காலையிலிருந்து எல்லாம் சரியாகச் செய்த தன்னைத்தான் ஊரே நிற்க வைத்துக் கேட்கிறது. கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு வண்டியையே வெறித்துப் பார்த்தாள். முன்கதவு அந்த இருபது நிமிடமும் பூட்டித்தான் இருந்தது. கண்ணாடி உடையவில்லை. அப்படியானால் திருடினவன் எப்படி ஏறினான்?

வண்டியைச் சுற்றிப் பின்னால் போனாள். அவசரக் கதவின் கொக்கி இருந்த இடத்தில் கொக்கியே இல்லை. வெறும் கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கி விட்டிருந்தார்கள். துருப்பிடித்த பழைய கம்பி. அதன் ஒரு முனை பிரிந்து தொங்கியது. விரலால் தொட்டாள். கதவு திறந்துகொண்டது.

முன்னால் பெரிய பூட்டு, பின்னால் ஒரு முறுக்குக் கம்பி!

அவள் அந்தப் பின்கதவு வழியாகவே ஏறி உள்ளே போனாள். உட்கார்ந்திருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"பாத்தீங்கள்ல? நான் எப்படி வந்தேன்னு பாத்தீங்கள்ல? இப்ப எல்லாரும் அவங்கவங்க சாமானைப் பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். பச்சைச் சட்டைக்காரர்தான் நிதானமாகக் கடைசியில் எழுந்தார். மேல்தட்டில் கையை விட்டுத் துழாவினார். இன்னும் கொஞ்சம் துழாவினார். முகம் வெளிறிப் போயிற்று.

"என் லேப்டாப்..."

"மடியில வெச்சிருக்கலாமே" என்றாள் காலக்கா.

சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் சொன்னதில் அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

அதற்குப் பிறகு அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. நடத்துநரின் சட்டையைப் பிடிக்கப் போனார். ஓட்டுநர் சத்தம் போடாமல் ஏறி வண்டியைக் கிளப்பினார். காலக்கா இறங்கி ஓடி, வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"நகருங்கம்மா! நேரம் ஆகுது!"

"ஏத்திட்டுப் போ. உன் வண்டியில நான் இழக்க வேண்டியது உசுரு ஒண்ணுதான் பாக்கி."

ஹாரன் அலறியது. அவள் அசையவில்லை. பிறகு பச்சைச் சட்டைக்காரர் வந்து பக்கத்தில் நின்றார். சிரித்த கூட்டத்திலிருந்தும் நாலைந்து பேர் இறங்கி வந்தார்கள். சத்தம் கேட்டுக் காவலரும் தொப்பியைச் சரி செய்தபடி வந்தார். அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பின்பக்கம் கூட்டிப் போய்க் கம்பியைக் காட்டினாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று காவலர் நடத்துநரைக் கேட்டார்.

அவன் வார்த்தையை மென்றான். "ரெண்டு மாசம் சார். ஷெட்டுல சொல்லியிருக்கு."

"ரெண்டு மாசம்" என்றாள் அவள். "தெரிஞ்சேதான் என்கிட்ட பொறுப்புன்னு சொன்னியா?"

அவன் குனிந்து அந்தக் கம்பியை மறுபடி முறுக்க ஆரம்பித்தான்.

திருடினவன் லேப்டாப்பை விற்கலாம். காலை யாரிடம் விற்பான்? பைக்குள் ஒரு கால் கிடப்பதைப் பார்த்ததும் அலறித் தூக்கிப் போட்டிருப்பான், அதுவும் பக்கத்திலேயே. இந்த யோசனை அவளுக்கு அப்போதுதான் வந்தது. விடுதிக்குப் பின்னால் குப்பை மேடு, அதைத் தாண்டிச் சாக்கடை, அப்புறம் முள்புதர். பத்துப் பேர் பிரிந்து தேடினார்கள். பாத்திரம் கழுவுகிற அம்மாள் ஒருத்திதான் புதருக்குள்ளிருந்து கத்தினாள். கத்திய கத்தலில் காவலர் ஓட்டமெடுத்தார்.

வெள்ளைச் செருப்பு மேலே பார்த்தபடி கால் கிடந்தது. காலக்கா முழங்காலிட்டு முள்ளுக்குள் கையை விட்டு அதை எடுத்தாள். மீதிக் கால் நுழைகிற கிண்ணத்தின் விளிம்பில் நீளமாக ஒரு கீறல். கணுக்காலில் ஒரு திருகு தளர்ந்திருந்தது. வேறு சேதமில்லை. பையும் கருவிகளும் கத்திகளும் கிடைக்கவில்லை. லேப்டாப்பும்தான். மீதி வழி முழுவதும் காலை மடியில் வைத்துக்கொண்டு போனாள். அழுகை வந்தது, அழவில்லை. அழுதால் கோபம் கரைந்துவிடும் என்று பயந்தாள்.

நர்ஸின் வீட்டில் விளக்கு போடுகிற நேரம். கருவி இல்லாததால், பக்கத்து சைக்கிள் கடையில் திருகுச் சாவி இரவல் வாங்கி வந்து கணுக்காலை முடுக்கினாள். நர்ஸ் கீறலைத் தடவிப் பார்த்தாள்.

"என்னக்கா, புதுசுன்னீங்க?"

காலக்கா நடந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டு, வழக்கமான கேள்விக்குக் காத்திருந்தாள். நீங்க ஏன் இறங்கினீங்க?

நர்ஸ் காலைப் பொருத்தி, பட்டையை இழுத்து மாட்டி, சுவரைப் பிடித்து எழுந்தாள். சுவரை விட்டாள். மூன்று அடி. வியர்த்தது. இன்னும் நாலு அடி. நின்ற இடத்திலேயே கேட்டாள்.

"அந்தக் கதவு இன்னும் அப்படியேதான் இருக்கா?"

அன்றைக்குக் காலக்காவை யாரும் கேட்காத கேள்வி அது.

"அப்படியேதான். நாளைக்குப் பதினோரு மணிக்கு அதே வண்டி திரும்பக் கிளம்புது."

"அந்த வண்டி கிளம்புற ஷெட்டு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி போற வழிதான். எனக்கும் நடந்து பாத்த மாதிரி இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் போனார்கள். பத்து நிமிட நடைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ராத்திரி போனில் கூப்பிட்டபோது கட்டாயம் வருகிறேன் என்று சொன்ன பச்சைச் சட்டைக்காரர் வரவில்லை. ஷெட்டு மேலாளர் நாற்காலியில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டார்.

"மெக்கானிக் இன்னைக்கு லீவும்மா. திங்கட்கிழமை வாங்க."

"திங்கட்கிழமை எனக்கு டியூட்டி" என்றாள் நர்ஸ்.

"சரி, உக்காருங்க. பாக்கறேன்."

"உக்கார மாட்டேன் சார். நான் நின்னு பழகணும்."

மேசைக்கு எதிரே நின்றாள். காலக்கா அவள் முழங்கைக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள், தொடாமல். பதினோரு மணி ஆயிற்று. வெளியே பயணிகள் ஏறத் தொடங்கினார்கள். காலக்கா வாசலுக்குப் போய், உரக்க, ஒவ்வொருவரிடமும் பின்கதவைப் போய்ப் பார்த்துவிட்டு ஏறும்படி சொன்னாள். பார்த்தவர்கள் ஏறவில்லை. கூட்டம் அலுவலகத்துப் பக்கம் திரும்பியது. மேலாளர் எழுந்து நின்றார். லீவில் இருந்த மெக்கானிக் கால் மணி நேரத்தில் ஈரத்தலையோடு வந்தான்.

புதுக் கொக்கி மாட்டி முடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு மாதம் இருபது நிமிடத்துக்காகக் காத்திருந்திருக்கிறது. நர்ஸே கதவை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. நடத்துநர் தூரத்தில் நின்று டிக்கெட் கட்டை எண்ணுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தான்.

"இப்பத் திருப்திதானேம்மா?" என்றார் மேலாளர்.

"இல்லை" என்றாள் காலக்கா. "என் கத்தி மூணு போயிருக்கு. உங்க ஆளு பொய் சொல்லியிருக்கான். தாளை எடுங்க, நான் சொல்றேன், எழுதுங்க."

அவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். வலியில் உதட்டைக் கடித்திருந்தாள், ஆனால் நின்றுகொண்டிருந்தாள். மேலாளர் இழுப்பறையைத் திறந்து பேனாவைத் தேடினார்.