சாரத்தின் மேல் தர்சிகா

இளஞ்சிவப்புக் கோபுரம் ஒன்று கால்வாய்த் தண்ணீரில் தலைகீழாக நடுங்கிக்கொண்டிருந்தது, அருளம்பலம் பாலத்தில் நின்று அதையே பார்த்தார், நிமிர்ந்து பார்க்க ஏனோ கூச்சமாக இருந்தது, அங்கே சாரத்தின் மேல் தலைக்கவசத்தோடு நிற்பது அவருடைய மகள் தர்சிகா, டொக்டர் படிப்பைப் பாதியில் விட்டுப் பழைய கட்டடங்களுக்குச் சாந்து பூசப் போனவள், நான் நோர்வேக்கு வந்து வடக்கை மீன் பக்டரியில விரல் விறைக்க நிண்டது நீ மேசன் வேலைக்குப் போகவோ என்று அன்று அவர் கத்தினார், அவள் அழவில்லை, ஒருக்கா வந்து பாருங்கோ அப்பா என்று மட்டும் சொன்னாள், அவர் போகவில்லை, வருடங்கள் போயின, இப்போது நோர்வேயின் மேற்குக் கரையில், அவள் வேலை செய்யும் இந்த ஓலசுண்டில், முதல்முறையாக வந்து நிற்கிறார், மழை தூறுகிறது. காலையில் அவள்தான் தெருத்தெருவாகக் கூட்டிப்போனாள், வாசல்களுக்கு மேலே கல்லில் படர்ந்த கொடிகள், மஞ்சளும் வெண்ணெய் நிறமுமாகக் கூர்மாடங்கள், ஒரே இரவில ஊர் முழுக்க எரிஞ்சு போனது அப்பா, நூறு வருசத்துக்கும் முந்தி, உடனையே கல்லால கட்டியெழுப்பிட்டினம், கட்டினது சரி, பூவும் கொடியும் என்னத்துக்கு என்று அவர் கேட்கிறார், அவள் சிரிக்கிறாள், எல்லாம் இழந்த சனத்துக்குத்தானே அப்பா கண்ணுக்கு வடிவு கூடுதலா வேணும். அந்தச் சொல்லோடு யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த சாவகச்சேரி வீடு எழுந்து வந்தது, அதன் முகப்பில் மனைவி இராசமலர் ஆசைப்பட்டு வைப்பித்த சீமெந்துத் தாமரை, போரில், செல்லடியில் கூரை போன பிறகும் உதிராமல் நின்றது, ஊரை விட்டு ஓடும்போது அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தது அதைத்தான், இராசமலர் இன்றில்லை, மழையில் கண் மங்க இந்தக் கோபுரத்திலும் அந்தத் தாமரை இருப்பதுபோல் தெரிகிறது, சாவகச்சேரியா ஓலசுண்டா என்று ஒரு கணம் புரியவில்லை.

அப்போது வாசல் பக்கம் சாரத்தை மூடியிருந்த வலையை இறக்கினார்கள், பாலத்தில் போனவர்கள் எல்லோரும் நின்றார்கள், வாசல் வளைவில் கல் பூக்கள் இதழ் இதழாக விரிந்திருந்தன, ஒரு பூவும் இன்னொன்றைப் போல இல்லை. நாயைப் பிடித்தபடி பக்கத்தில் நின்ற பெண் நோர்வே மொழியில் சொன்னாள், சின்ன வயதிலிருந்து இந்தத் தெருவில்தான் இருக்கிறேன், தேய்ந்து அழுக்குப் படிந்த கல்லாகத்தான் பார்த்தேன், அது பூ என்றே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும், யார் செய்தது, உங்களுக்குத் தெரியுமா. என்ர பிள்ளை என்றார் அருளம்பலம், தமிழில்தான் முதலில் வந்தது, அவள் விளங்காமல் பார்த்தாள், தொண்டையைச் செருமிக்கொண்டு அவளுடைய மொழியில் மறுபடி சொன்னார், என் மகள், மேலே நிற்கிறாளே, அவள்தான், பெயர் தர்சிகா. பிறகு இன்னொரு தடவை, யாரும் விசாரிக்காமலே, மேலே நிற்பவளுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.