பத்தொன்பதாம் இடம்

வாக்குத்தாள்கள் வந்தபோது குமுதினி சமையலறை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரம் காயும்வரை எனக்குப் பொறுமையில்லை. அந்தக் கனத்த கடித உறையைக் கதவடியிலேயே கிழித்து, தாள்களை நிலத்தில் விரித்தேன். ஐந்து பட்டியல்கள், ஐந்து தாள்கள், ஒவ்வொன்றும் முழங்கையிலிருந்து விரல்நுனிவரை நீளம். நான்காவது தாளில் மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு பல்வைத்தியர், ஒரு திராட்சைத் தோட்டக்காரர், இரண்டு ஆசிரியைகள், ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர். பத்தொன்பதாம் வரியில் என் மகள் இருந்தாள். கவிசா சிவகுருநாதன், மாணவி, பிறந்த ஆண்டு 2007.

"பிள்ளை, இஞ்ச ஓடி வா. உன்ர பேர் அச்சில கிடக்கு."

கவிசா வந்து குனிந்து பார்த்தாள். உடனே நிமிர்ந்துவிட்டாள். "கீழயிருந்து நாலாவது," என்றாள். அந்த வசந்தகாலம் முழுவதும் அவள் ஓரிடத்தில் ஒழுங்காக இருந்து நான் பார்க்கவில்லை. சாப்பிடும்போது ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும். பல் தீட்டிக்கொண்டே கூடத்துக்கும் பல்கனிக்கும் நடப்பாள்.

"கீழ இருந்தா என்ன? உதுதான் இந்தத் தாளின்ர வடிவு," என்றேன்.

"துவங்கிட்டார்," என்றாள் குமுதினி மேசைத்துணியைப் பிழிந்தபடி.

நான் லிப்ட் பழுதுபார்க்கிறவன். ஒரு பெட்டி எப்படி மேலே போகிறது என்று யாராவது கேட்டால், கயிற்றின் மறுமுனையில் தொங்குகிற எதிர்ப்பாரத்திலிருந்து தொடங்கித்தான் சொல்வேன். இந்த வாக்குத்தாளும் எனக்கு அப்படியான ஒன்றாகத்தான் தெரிந்தது. நாங்கள் இருக்கிற இந்த ஜெர்மன் ஊரின் நகரசபையில் இருபத்திரண்டு ஆசனங்கள். ஆகவே ஒவ்வொரு வாக்காளருக்கும் இருபத்திரண்டு வாக்குகள். தாளை அப்படியே மடித்துப் பெட்டியில் போட்டால் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று போகும். ஆனால் விரும்பினால் ஒரே ஆளுக்கு மூன்றுவரை கொடுக்கலாம், பெயருக்குப் பக்கத்துக் கட்டத்தில் 3 என்று எழுதினால் போதும். மொத்தம் இருபத்திரண்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் தாள் முழுவதும் செல்லாது. கடைசியில் ஒரு பட்டியலுக்கு மூன்று ஆசனம் கிடைத்தால், அந்தப் பட்டியலில் கூடுதல் வாக்கு வாங்கிய மூன்று பேர் உள்ளே போவார்கள். கட்சிக்காரர்கள் யாரை மேலே எழுதினார்கள் என்பது ஒரு யோசனை மட்டும்தான். கீழே நிற்கிற ஒருவரை, ஆட்கள் மூன்று மூன்றாகத் தூக்கி மேல்தளத்துக்குக் கொண்டுவரலாம். அதுவும் போன வருடம்தான் எங்கள் மாநிலத்தில் சட்டத்தை மாற்றி, பதினாறு வயதானவர்களும் நகரசபைக்கு நிற்கலாம் என்றார்கள்.

கவிசா தேர்தலில் நின்றது ஒரு பஸ்ஸால். அவளுடைய சிநேகிதி கம்சனா, ஊருக்கு வெளியே உள்ள முதியோர் இல்லத்தில் அவுஸ்பில்டுங் செய்கிறாள், வேலையோடு படிப்பு. பின்னேர வேலை ஒன்பது மணிக்கு முடியும். கடைசி பஸ் எட்டேகாலுக்குப் போய்விடும். நடைபாதை இல்லாத நாலு கிலோமீற்றரை அவள் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் நடந்து வருவாள். கவிசா நகரசபையின் கேள்வி நேரத்தில் எழும்பி இதைக் கேட்டாள். "பதினெட்டு வயதானதும் கார் ஓட்டலாம்தானே," என்று ஓர் உறுப்பினர் சொன்னாராம். சபை சிரித்ததாம். அடுத்த கிழமை இவள் ஒரு சுயேச்சைப் பட்டியலில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தாள். அதன் பிறகு பள்ளிக்கூடத்து பஸ் நிறுத்தங்கள், கால்பந்து மைதானம், ஐஸ்கிறீம் கடை என்று அலைந்து, வாக்குப் போடத் தங்களுக்கு உரிமை இருப்பதே தெரியாத பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பிடித்துப் பிடித்துக் கதைத்தாள்.

எங்கள் ஆட்களிடம் கதைப்பது என் வேலை என்று நானே எடுத்துக்கொண்டேன்.

தமிழ்ப் பள்ளிக்கூடம் சனிக்கிழமைகளில் ஒரு வாடகை மண்டபத்தில் நடக்கும். வகுப்பு முடிந்ததும் பெற்றோர்களை மறித்து உட்கார்த்தினேன். ஜெர்மன் பாஸ்போர்ட் உள்ளவர்கள் பதினாறு பேர், என்னோடு பதினேழு. குமுதினிக்கு வாக்கு இல்லை. குடியுரிமைக்கு விண்ணப்பம் கொடுத்து இரண்டு வருடமாகிறது, பதில் வரவில்லை. அந்தக் கோபத்தில் நூறு மரக்கறி ரோல்ஸ் செய்துகொண்டு வந்திருந்தாள்.

"தம்பி, ஊரில எண்டா எலெக்சனுக்கு முதல் சோத்துப் பார்சலாவது குடுப்பினம்," என்றார் புஸ்பவதி அக்கா. பாஸ்போர்ட் எடுத்து இருபத்தொரு வருடம், ஒருநாளும் வாக்குப் போட்டதில்லை.

"ரோல்ஸ் இருக்கு அக்கா. ஆனா ரோல்ஸுக்கும் வோட்டுக்கும் சம்பந்தமில்லை. யாருக்குப் போடுறது எண்டது உங்கட விருப்பம்."

"பொடிச்சிக்குத்தானே போடப்போறம். சும்மா நீட்டாம விசயத்துக்கு வாரும்."

தாளைப் பெரிதாகப் பிரதியெடுத்து, சுவரில் ஒட்டி, தடித்த பேனையால் நிரப்பிக் காட்டினேன். இங்கே மூன்று. இங்கே ஒன்று. கூட்டிப் பாருங்கள், இருபத்திரண்டுக்குள் நிற்கிறதா? நிரப்பிய மாதிரியை ஆளுக்கொரு சிறிய பிரதியாகவும் கொடுத்தேன். ராசன் அண்ணை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை முகத்தருகே பிடித்துக்கொண்டு, "இதில இருக்கிற மாதிரி அச்சொட்டா எழுதினாக் காணுமோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை, அச்சொட்டா எழுதுங்கோ. பிழைக்க ஏலாது."

ஞாயிற்றுக்கிழமை வாக்களிப்பு. எங்கள் ஆட்கள் எல்லோரும் ரயில்பாதைக்கு அந்தப் பக்கத்து மாடிக்குடியிருப்புகளில் இருப்பவர்கள், ஆகவே எல்லோருக்கும் ஒரே வாக்குச்சாவடி. புஸ்பவதி அக்கா கல்யாணவீட்டுச் சேலையில் வந்தார்.

நகரசபை வாக்குகளைத் திங்கட்கிழமைதான் எண்ணுவார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும், தாள்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. நான் லீவு போட்டுவிட்டு ஒன்பது மணிக்கே நகரமண்டபத்துக்குப் போய்விட்டேன். கவிசாவுக்குக் கணிதப் பரீட்சை, மதியம்தான் வருவாள். உண்மையைச் சொன்னால், அந்தக் காலைநேரத்தில் எனக்கு மகளைப் பற்றிய கவலைகூடக் கொஞ்சம் மறந்திருந்தது. ஒவ்வொரு சாவடிக்கும் ஒரு மேசை, மேசைக்கு ஆறு பேர். மாற்றாமல் போட்ட தாள்கள் ஒரு அடுக்கு, எழுதி மாற்றியவை இன்னொரு அடுக்கு. ஒருவர் பெயரையும் எண்ணையும் வாசிக்க, ஒருவர் கணினியில் பதிய, மூன்றாமவர் திரையைப் பார்த்துத் தலையாட்டுகிறார். ஒரு பிழை இரண்டு பேரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். நல்ல லிப்டில் பிரேக் இருக்கிற மாதிரி.

பதினொன்றரைக்குச் சுவரிலிருந்த பெரிய திரையில் மற்றச் சாவடிகள் எல்லாம் முடிந்திருந்தன. கவிசாவின் பட்டியலுக்கு மூன்று ஆசனங்கள் உறுதி. அவள் நாலாவது இடத்தில் நின்றாள். பல்வைத்தியர், ஓர் ஆசிரியை, தீயணைப்பு வீரர், பிறகு இவள். பத்தொன்பதிலிருந்து நாலுக்கு! அந்த பஸ் நிறுத்தத்துப் பிள்ளைகள் தூக்கியிருக்கிறார்கள். தீயணைப்பு வீரருக்கும் அவளுக்கும் இடையில் முப்பத்தெட்டு வாக்குகள். எங்கள் சாவடி மேசையில் மட்டும், முடிவெடுக்காமல் ஒதுக்கி வைத்த ஓர் அடுக்குத் தாள் மீதி இருந்தது. பதினேழு பேர், ஆளுக்கு மூன்று, ஐம்பத்தொன்று. எங்கள் ஆட்களின் வாக்குகள் பதியப்பட்டுவிட்டனவா என்று யோசித்துக்கொண்டே கயிற்றோரமாக நகர்ந்தேன்.

மேசைத் தலைவி, நூலகத்தில் வேலைசெய்கிற கட்டை முடிப் பெண்மணி, அந்த அடுக்கின் முதல் தாளைத் தூக்கிப் பிடித்திருந்தார். தாளின் தலைப்பில், நடுவில், நீல மையில் ஒரு பிள்ளையார் சுழி.

அடுத்த தாளிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

அது என் கைப்பழக்கம். எந்தத் தாளில் எழுதத் தொடங்கினாலும் உச்சியில் அதைப் போட்டுவிட்டுத்தான் என் கை கீழே இறங்கும். வேலைத்தளத்துப் படிவங்களிலும் போடுவேன். ஒருமுறை முதலாளி கேட்டபோது, பேனை எழுதுகிறதா என்று பார்க்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன். சுவரில் ஒட்டிய அந்த மாதிரித் தாளிலும் போட்டிருப்பேன். போட்டதே எனக்கு நினைவில்லை. அச்சொட்டாக எழுதுங்கள் என்று சொன்னது மட்டும் நன்றாக நினைவிருந்தது. தலைவி தாள்களைச் சத்தமாக எண்ணினார். பதினேழு. அப்படியென்றால் ராசன் அண்ணையும். ஞாயிறு தவறாமல் பூசைக்குத் தேவாலயம் போகிற கத்தோலிக்கர், அரசாங்க விதி என்று நினைத்துக் கவனமாகச் சுழித்திருக்கிறார்.

"எல்லாவற்றிலும் ஒரே குறி," என்றார் மேசையில் இருந்த ஒரு மனிதர். "எல்லாவற்றிலும் அந்தப் பெண்ணுக்கு மூன்று. யாரோ சொல்லிக்கொடுத்துப் போட்ட அடையாளம்போல் இருக்கிறது. யார் சொன்னபடி செய்தார்கள் என்று பிறகு கண்டுபிடிக்க."

"நத்தை மாதிரி இருக்கிறது," என்றார் இன்னொருவர்.

தலைவி விதிப் புத்தகத்தைத் திறந்து வாசித்தார். வாக்களித்தவர் யார் என்று காட்டக்கூடிய அடையாளம் இருந்தால் தாள் செல்லாது. வெறும் கிறுக்கல் என்றால் செல்லும். சந்தேகம் வந்தால் மேசையில் உள்ள ஆறு பேரும் கை உயர்த்தி முடிவெடுக்க வேண்டும். சமனாக வந்தால் தலைவியின் கை எந்தப் பக்கமோ அதுதான் முடிவு.

கவிசா பள்ளிப் பையோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். மூச்சு வாங்கியது. திரையைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். அவளுக்கு விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை.

"அப்பா. உது உங்கட வேலையோ?"

"ஓம் பிள்ளை."

"எத்தினை?"

"பதினேழும்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். கயிற்றோரமாக நாலடி போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். "அதோட அம்மா ரோல்ஸ் வேற குடுத்தவ," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் போய்ச் சொல்லுறன். சாமி குறி, எல்லாத் தாளிலயும் போடுற பழக்கம், களவு ஒண்டும் இல்லையெண்டு. ரெண்டு நிமிசம் காணும், வடிவா விளங்கப்படுத்துவன்."

அவள் என் சட்டைக் கையைப் பிடித்தாள். "வாயைத் திறக்காதேங்கோ. யோசிச்சுப் பாருங்கோ. இந்தச் சாவடியில உதைப் போடுற ஆக்கள் ஆர்? நாங்கள் மட்டும்தானே. நீங்கள் சொன்ன உடன, அது ஆரின்ர தாள் எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அப்பதான் அது அடையாளம். அப்பதான் செல்லாது."

நான் வாயை மூடினேன். அவள் சொன்னது சரி. ஒரு பற்சக்கரம் இன்னொன்றில் மாட்டுவதுபோல் அவ்வளவு சரி. அந்தக் குறிக்கு அர்த்தம் தெரியாதவரைக்கும் அது நத்தை. ஆனால் பேசாமல் நின்றால், பதினேழு பேரும் யாரோ விலைக்கு வாங்கிய ஆட்களாகத் தெரிந்தார்கள். வாழ்நாளில் நான் விளங்கப்படுத்தாமல் விட்டது ஒன்றும் இல்லை, நாக்கு உள்ளே கிடந்து துடித்தது.

"நான் வெல்லுறது கிடக்கட்டும்," என்றாள் கவிசா. "புஸ்பவதி அக்கா முதல்தரம் போட்ட வோட்டு. நான்தான் போடுங்கோ போடுங்கோ எண்டு திரிஞ்சனான்."

அப்போது தலைவி நிமிர்ந்து மண்டபத்தைப் பார்த்தார். கயிற்றுக்கு வெளியே அந்த நேரத்தில் நின்றது நாங்கள் இரண்டு பேரும், ஒரு பத்திரிகைக்காரரும். தலைவியின் பார்வை எங்கள் முகங்களில் வந்து நின்றது. தாளைக் கொஞ்சம் எங்கள் பக்கம் திருப்பினார்.

"இது என்னவென்று உங்களில் யாருக்காவது தெரியுமா?"

நல்ல மனத்தோடுதான் கேட்டார், குரலில் தெரிந்தது. என் மகளின் விரல்கள் சட்டைத் துணியோடு சேர்த்து என் தோலையும் கிள்ளின.

"நான் ஒரு வேட்பாளர்," என்றாள் கவிசா ஜெர்மனில், மண்டபம் முழுவதும் கேட்கும்படி. "தாள்களைப் பற்றி நான் எதுவும் சொல்லக் கூடாது. இவர் என் அப்பா."

தலைவியின் கழுத்து சிவந்தது. "சரிதான். நான் கேட்டிருக்கக் கூடாது." தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு மேசையில் இருந்தவர்களைப் பார்த்தார். "முதல் தாள். இதற்கு எடுக்கும் முடிவுதான் மற்றப் பதினாறுக்கும். செல்லும் என்பவர்கள்?"

நத்தை என்று சொன்னவர் யோசிக்காமல் கையை உயர்த்தினார். அவருக்குப் பக்கத்தில் கணினியில் பதிந்துகொண்டிருந்த இளம்பெண்ணும், திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தவரும் உயர்த்தினார்கள். மூன்று கைகள், இன்னும் ஒன்று வந்தால் தாள்கள் செல்லும். அடையாளம் என்று சொன்ன மனிதர் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டார். தலைவி எவர் முகத்தையும் பாராமல், பேனையை ஒரு கையில் பிடித்தபடி காத்திருந்தார். கவிசாவின் கால்கள் முதல்முறையாக அசையாமல் நின்றன. மேசையின் கடைசியில் காலையிலிருந்து தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்த முதிய பெண்மணி, விரலில் செம்மஞ்சள் நிற ரப்பர் உறை போட்டவர், கையை மேசையிலிருந்து எடுத்தார். அது தோள் உயரத்துக்கு வந்து, அங்கேயே, மேலும் போகாமல் கீழும் இறங்காமல் நின்றது.