முட்டி மடிப்பு

அந்த ஜீன்ஸை வாங்கியது என் வீட்டுக்காரர் எட்வின்தான். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாங்கியவரும் உடுத்தியவரும் ஒன்றா?

செம்பூரில் ராஹில் பாய் கடையில் வாங்கினார். சதுர கெஜத்துக்கு இருபத்தோரு அவுன்ஸ் கனம், நெய்தபின் தண்ணீரே காணாத துணி. காலை மடித்துவிட்டால் ஓரத்தில் சிவப்பு நூல் தெரியும், செல்வெட்ஜ் என்பார்கள். தரையில் நிறுத்தினால் ஆள் இல்லாமலே நிற்கும். கடையில் ஒரு போட்டியும் உண்டு: ஒரு வருஷம் விடாமல் உடுத்தி, யாருடையது அழகாக வெளுக்கிறதோ அவர் படம் கடைச் சுவரில் ஏறும், புது ஜீன்ஸ் ஒன்றும் பரிசு. இவரும் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாம் நாளே தொடை உரசிச் சிவந்துவிட்டது. "இத மனுசன் போடுவானா?" என்று ஆணியில் மாட்டியவர் அதன் பிறகு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எடுத்துப் போட்டது நான். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபில் சேர்ப்பது என் வேலை. தாராவியிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினால் தேவ்நார், மான்குர்த் என்று மதியம் வரை ஓட்டம்தான். மழைக்காலத்தில் லெக்கிங்ஸ் நனைந்து காலோடு ஒட்டிக்கொள்ளும். இந்தத் துணி சேற்றுக்கும் அசையாது, பக்கத்து பைக்கின் சைலன்சர் சூட்டுக்கும் அசையாது.

ஆனால் ஆம்பிளை ஜீன்ஸ் ஆயிற்றே! பின்பக்கம் பிடித்தது, இடுப்பில் கை நுழைகிற அளவுக்கு இளித்தது, கால் தரையில் இழுபட்டது. பெல்ட்டை இறுக்கி, கீழே இரண்டு மடிப்பு மடித்தேன். முதல் மாதம் முட்டிக்குப் பின்னால் தோல் உரிந்தது. லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் படியேறி, கட்டிலோரம் குந்தி உட்கார்ந்து, எழுந்து, அட்டை மாதிரி இருந்ததை வழிக்குக் கொண்டுவந்தேன். மெல்ல மெல்ல என் முட்டி வளைகிற இடத்தில் துணியும் வளைந்தது. அந்த மடிப்புகளில் நீலம் போய் வெள்ளைக் கோடு விழுந்தது. அளவெடுத்துத் தைத்த துணிகூட எனக்கு அப்படிப் பொருந்தியதில்லை.

இவருக்கு அதுவும் பொறுக்கவில்லை. "ஏட்டி, ஆம்பிள பேண்ட்ட மாட்டிக்கிட்டு தெருவுல போறியே, சர்ச்சுக்காரவுக பாத்தா என்ன சொல்லுவாவ? முட்டிக்குக் கீழ வாரமாதிரி டாப் போடு" என்றார். சண்டை எதற்கு என்று அந்த வேகாத வெயிலிலும் நீள டாப் போட்டு மறைத்துக்கொண்டு போனேன்.

வருஷம் முடிந்தது. ஒரு நாள் போனைப் பார்த்தால், ஜீன்ஸைக் கட்டிலில் விரித்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறார். 'என் ஒரு வருஷ உழைப்பு' என்று மேலே எழுத்து வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரு உழைப்பு?" என்றேன்.

"போட்டியில எம் பேருதானட்டி இருக்கு? ஞாயித்துக்கெழம கடையில முடிவு சொல்லுதாவ, நீயும் வா. போட்டோ எடுக்க ஆளு வேணும்."

போனேன். போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜீன்ஸை மேசையில் விரித்துவைத்தால் போதும் என்று இவர் நினைத்திருந்தார். ராஹில் பாயோ, "போட்டுக் காட்டுங்க" என்றுவிட்டார். ட்ரையல் ரூமுக்குள் போனவர் காலை அகட்டி அகட்டி வைத்து வெளியே வந்தார். பின்பக்கம் பையாய்த் தொங்கியது. நான் மடித்துவைத்திருந்த இடம் கணுக்காலில் கருநீலப் பட்டையாகத் தெரிந்தது. என் முட்டி மடிப்பு அவருடைய தொடையில் கிடந்தது.

ராஹில் பாய் குனிந்து பார்த்தார். இந்தியில் கேட்டார்: "பாய், உங்க முட்டி இங்கே இருக்கு, ஜீன்ஸோட முட்டி மேலே ஏறிக் கிடக்கே?"

இவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "என் ஒய்ஃப் பண்ண வேலை. வெந்நீர்ல போட்டுச் சுருக்கிட்டா" என்றார் அதே இந்தியில்.

கடையே சிரித்தது. ராஹில் பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அண்ணி, இதைப் போய் வெந்நீர்ல போடலாமா?" என்றார்.

உடுத்தித் தோல் உரிந்தவள் நான். துவைக்கத் தெரியாதவள் என்ற பட்டமும் எனக்கா? "இது சுருங்கவே இல்ல பாய்" என்று இந்தியிலேயே சொன்னேன். "இது என் முட்டி. வருஷம் பூரா உடுத்தினது நான்."

"ஏட்டி, பேசாம இரி. பரிசு போயிரும்" என்று இவர் தமிழில் பல்லைக் கடித்தார்.

"போவட்டும். கழட்டுங்க."

இவர் முணுமுணுத்துக்கொண்டே ட்ரையல் ரூமுக்குள் போனார்; திரைக்கு மேலே பறந்து வந்து விழுந்தது ஜீன்ஸ். அடுத்த அறையில் போய்ப் போட்டேன். இழுக்க வேண்டியிருக்கவில்லை. டாப்பைச் சுருட்டி இடுப்புக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்து, நடுக்கடையில் குந்தி எழுந்தேன். மடிப்பெல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

ராஹில் பாய் தலையைச் சொறிந்தார். பெயர் கொடுத்தவர் உடுத்தவில்லை என்றால் பரிசு கிடையாது, அதுதான் விதி என்றார். ஆனால் அவர் கண் ஜீன்ஸை விட்டு நகரவில்லை. சிரித்தவர்களும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எட்வினுக்கு முகம் கறுத்துவிட்டது. "எல்லாரும் ஒன்னையே பாக்காவ. வாட்டி, போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

கையை உதறினேன்.

"நில்லுங்க. பாத்து முடிக்கட்டும்."