வேலைக்குப் போன சட்டை

டேபிள் ஃபேனை இரண்டாம் வேகத்தில் வைத்தேன். அந்த அம்மாவின் கையில் கிடந்த சட்டை காற்றில் விரிந்தது. கீழிருந்து இரண்டாவது பட்டன் பச்சை. மற்றதெல்லாம் வெள்ளை.

"சத்தம் வருதே தம்பி."

"முதல் வேகத்துல வராதும்மா."

"முதல் வேகத்துல காத்தும் வராது."

நான் ஃபேனைப் பார்க்கவில்லை. வெளிர்நீலம், அரைக்கை, இடது பையின் ஓரத்தில் நூல் பிரிந்த இடம். அது என் சட்டை. கழுத்தில் கடையின் டேக் தொங்கியது.

இந்தக் கடையில் என் மனைவிக்குத் துணி மாட்டும் ஆளுயரப் பொம்மைகளோடு வேலை. கோடை விற்பனைக்குத் தரைத்தளத்தில் ஒரு வீடு போடுவார்கள். மூன்று பக்கம் சுவர், கட்டில், பருத்தி விரிப்பு, தண்ணீர்க் குடுவை, என் பிரிவிலிருந்து ஒரு ஃபேன். நடுவில் அப்பா பொம்மை, அம்மா பொம்மை, பிள்ளை பொம்மை, மூன்றும் கோடை உடுப்பில். அந்த வீட்டைக் கட்டுவது அவள்தான். எல்லாமே புதிதாக இருந்தால் வீடு மாதிரி இருக்காது, கடை மாதிரிதான் இருக்கும் என்பது அவள் கட்சி. அதனால் எங்கள் வீட்டிலிருந்து ஏதாவது ஒன்றைக் கொண்டுபோய் நடுவில் நுழைத்துவிடுவாள். ஒரு வருடம் என் செருப்பு. ஒரு வருடம் கைப்பிடி உடைந்த குவளை. யாரும் கண்டுபிடித்ததில்லை.

போன கோடையில் என் நீலச் சட்டையைக் காணவில்லை.

"எங்க அது?"

"வேலைக்குப் போயிருக்கு."

"எந்தப் பொம்மை மேல?"

"கண்டுபிடி. கண்டுபிடிக்கிற வரைக்கும் அதுக்கு லீவு கிடையாது."

தேடினேன். சாப்பாட்டு நேரத்தில் கீழே போய் ஒவ்வொரு பொம்மையாகப் பார்ப்பேன். நான் வருவது தெரிந்தால் அதன்மேல் இன்னொரு சட்டையை மாட்டி மறைத்துவிடுவாள். கோடை முடிந்தது. பொம்மைகளின் துணிகளைப் பெட்டியில் கட்டினார்கள். அடுத்த வருஷம் பிடிக்கிறேன் பார் என்றேன். மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. போய்விட்டாள்.

அதன் பிறகு நான் ஃபேன் விற்கிறேன். நன்றாகவே விற்கிறேன். முகத்தில் ஒன்றும் இல்லாதவன் சொன்னால் மக்கள் நம்புகிறார்கள்.

இன்று விற்பனையின் கடைசி நாள். இந்த வருடம் புதிதாக, பொம்மைகள் போட்டிருப்பதையும் கழற்றி டேக் மாட்டிக் கூடையில் கொட்டுகிறார்கள். அங்கிருந்துதான் இந்தச் சட்டை வந்திருக்க வேண்டும்.

"என்ன தம்பி, சட்டையவே பாக்கறே?"

"எங்க எடுத்தீங்கம்மா?"

"கீழ கூடையில. குவியலைக் கிண்டிக் கிண்டி என் நகமே போச்சு. ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு."

"அப்ப ஃபேனைக் காட்டு."

எங்கள் கடையில் ஒரு விதி உண்டு. வாடிக்கையாளர் கையில் எடுத்த பொருள் அவருடையது. அவரே கீழே வைக்கும் வரை எந்த ஊழியரும் அதைத் தொடக்கூடாது, கேட்கவும் கூடாது. போன வருடம் செருப்புப் பிரிவில் ஒருவர் நல்ல ஜோடிகளைத் தன் மச்சானுக்காக ஒளித்து வைத்தார். மதியம் பிடிபட்டார். சாயங்காலம் வீட்டில் இருந்தார். அதிலிருந்து மேனேஜர் எங்களை நிழல் மாதிரி சுற்றுகிறார். அவருக்குத் தெர்மாமீட்டர் என்று பெயர். எப்போது பார்த்தாலும் யாருடைய கக்கத்திலாவது இருப்பார்.

ஆகவே நான் செய்யக்கூடியது ஒன்றுதான். அந்த அம்மா சட்டையைக் கீழே வைக்க வேண்டும். ஃபேன்களுக்குப் பக்கத்தில் கோடை விரிப்புகளும் குடுவைகளும் அடுக்கியிருந்தன.

"விரிப்பு வேணுமாம்மா? பருத்தி. பாதி விலை. ரெண்டு கையாலயும் பிடிச்சுப் பாருங்க."

அவர் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் விரிப்பைப் பிடித்தார். தடவினார். முகத்தைச் சுளித்தார்.

"சொரசொரன்னு இருக்கு."

"ரெண்டு தண்ணி போட்டா சரியாயிடும்."

"ரெண்டு தண்ணி போடற வரைக்கும் அவரு எங்க படுப்பாரு?"

குடுவையை நீட்டினேன். கனமான கண்ணாடிக் குடுவை, ஒரு கையால் தூக்க முடியாது. அவர் சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குடுவையை வாங்கினார். மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார்.

"எனக்கு ஃபேன் போதும். முதல் வேகத்துலயே ஓட்டிக்கறேன். பெட்டியைக் கீழ அனுப்பிடு."

எஸ்கலேட்டரில் இறங்கினார். சட்டை அவர் முழங்கையில் தொங்கியது.

என் பிரிவை விட்டு நான் நகரக்கூடாது. ஃபேன்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு குடும்பம் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டது. நான் இறங்கினேன்.

தரைத்தளத்தில் நெரிசல். கோடை வீட்டின் சுவர்களை அவிழ்த்திருந்தார்கள். அப்பா பொம்மை வெறும் உடம்போடு கட்டில்மேல் உட்கார்ந்திருந்தது. பில் கவுண்ட்டரில் நீண்ட வரிசை. அந்த அம்மா வரிசையின் முன்பக்கம் வந்துவிட்டார். இன்னும் ஒருவர்தான். நான் ஆட்களை விலக்கிக்கொண்டு போனேன். யாரோ என் காலை மிதித்தார்கள். "வரிசையில வாப்பா" என்றது ஒரு குரல்.

அவர் சட்டையை மேடைமேல் வைத்தார். பில் போடும் பெண் டேக்கைத் தேடிக் கையை நீட்டினாள்.

நான் சட்டையின் மேல் கையை வைத்தேன்.

கை வைத்ததும் தெரிந்தது. அந்த மெதுமை. எத்தனையோ முறை துவைத்தது.

"என்ன தம்பி இது?" அந்த அம்மா மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இது விக்கற சட்டை இல்லம்மா."

"டேக் இருக்கே."

"தப்பா மாட்டியிருக்காங்க. இது என் சட்டை. பழசு."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். என் மஞ்சள் டி-ஷர்ட்டில், நெஞ்சுக்கு நேராக, "பாதி விலை" என்று அச்சடித்திருந்தது.

"நல்லா இருக்குப்பா. நான் குவியல்ல தேடி எடுப்பேன், நீ வந்து உன்னுதுன்னு சொல்லுவே. யாருக்கு? தம்பிக்கா, மச்சானுக்கா?"

வரிசையில் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் தெர்மாமீட்டர் என் பக்கத்தில் நின்றார்.

"கையை எடு," என்றார் மெதுவாக.

எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை மாதத்தில் யார் எதைச் சொன்னாலும் செய்திருக்கிறேன்.

"சார், இது என் சட்டை. போன வருஷம் அவ பொம்மைக்குப் போட்டது."

'அவ' யார் என்று அவருக்குத் தெரியும். வரிசையைப் பார்த்தார். எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள்.

"அப்ப போட்டுக் காட்டு," என்றார்.

போட்டேன். தோள் இரண்டு பக்கமும் இறங்கியது. கை முழங்கைக்குக் கீழே வந்தது. பட்டன் போட்ட பிறகும் வயிற்றுப் பக்கம் இன்னொரு ஆள் நுழையலாம் போலிருந்தது.

"பாருங்க, தொளதொளன்னு தொங்குது," என்றார் அந்த அம்மா. "இவரு சட்டையாம். பொம்மை கூட இதைவிட நல்லாப் போட்டிருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை இந்த முறை. தெர்மாமீட்டர் என் கழுத்துப் பட்டையையே பார்த்தார்.

"வேற ஏதாவது சொல்லு," என்றார்.

"இந்தப் பச்சைப் பட்டன். எங்க வீட்டுல ஒரு பச்சைத் தலகாணி உறை இருக்கு. அதுல இருந்து பிச்சுத் தைச்சா. தலகாணிக்கு ஒரு பட்டன் இல்லேன்னா யாரு பாக்கப்போறான்னு சொன்னா."

"யாரு, உன் வீட்டுக்காரியா?" அந்த அம்மா கேட்டார். "கூப்பிடு அவளை. நேராக் கேட்டுடலாம்."

பில் போடும் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மேனேஜர்தான் சொன்னார்.

"அவங்க இல்லம்மா."

"எங்க போயிருக்கா?"

"இறந்துட்டாங்க."

அந்த அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் குரல் இறங்கியது.

"எனக்குத் தெரியாதுப்பா. ஆனா என் கதையையும் கேளு. எங்க வீட்டுக்காரருக்கு மருந்துல உடம்பு ஊதிப்போச்சு. இருக்கற சட்டை எதுவும் ஏறல. புதுசு வாங்கினா தோலு உரியுது. கடை கடையா ஏறி இறங்கிட்டேன். மெத்துன்னு இந்த ஒண்ணுதான் கிடைச்சுது. இப்ப நீ ஒரு பட்டனைக் காட்டி எடுத்துக்கறே."

மேனேஜர் சட்டையைக் கழற்றச் சொன்னார். மடித்துத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில கடை திறக்கும்போது அந்த உறையைக் கொண்டு வா. பட்டன் ஒத்துப்போனா சட்டை உன்னுது. இல்லேன்னா சட்டை இவங்களுக்கு. அப்புறம் நீ மாடிக்குப் போக வேண்டாம்."

"நானும் வருவேன்," என்றார் அந்த அம்மா. "பாத்துடறேன்."

வீட்டுக்குப் போனதும் படுக்கையறைக் கதவைத் திறந்தேன். நான் கூடத்தில் நாற்காலியில்தான் தூங்குகிறேன். கட்டிலில் இரண்டு தலையணை இருந்தது. இரண்டும் வெள்ளை உறை.

அக்காவுக்குப் போன் செய்தேன். காரியம் முடிந்ததும் அவள்தான் வந்து வீட்டைத் துடைத்துக் கழுவினாள்.

"பச்சை உறையா? கிழிஞ்சு கிடந்ததே, அதுவா?"

"கிழியல. ஒரு பட்டன்தான் இல்ல."

"ஒரு மூட்டை பழந்துணியைத் தூக்கிப் போட்டேன்டா. அதுல போச்சோ என்னவோ. பீரோவுல பாரு. ஏன், இப்ப எதுக்கு அது?"

"வேலைக்கு."

"சாப்டியா?"

"பாக்கணும்," என்று வைத்துவிட்டேன்.

பீரோ சாவி எங்கே என்று தெரியும். அதைத் தொட்டதில்லை. திறந்தேன். மேல் தட்டு அவளுடையது. தள்ளிப் பார்த்தேன், உறை இல்லை. நடுத் தட்டும் அவளுடையதுதான். ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தேன். வேகமாக எடுத்தேன். முகர்ந்து பார்க்க நேரம் கொடுக்கவில்லை. இல்லை. கீழ்த் தட்டில் என் சட்டைகள், அவள் இஸ்திரி போட்டு அடுக்கினபடி. நான் கடை டி-ஷர்ட்டையே துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்ததால் ஒன்றும் கலையவில்லை. எல்லாவற்றையும் அப்படியே வெளியே இழுத்தேன்.

அடியில் தட்டுக்கு விரிப்பாகப் பச்சை உறை கிடந்தது. வாய்ப் பக்கம் மூன்று பட்டன். நடுவில் ஒரு இடத்தில் நூல் மட்டும்.

தரையில் உட்கார்ந்தேன். என்னைச் சுற்றிச் சட்டைகள். ஒன்றை எடுத்து அந்த அம்மா செய்தது போலத் தடவிப் பார்த்தேன். போட்டுப் பார்த்தேன். அதுவும் தோளில் இறங்கியது. அடுத்ததும் அப்படித்தான். மென்மையானவற்றைத் தனியாக எடுத்து வைத்தேன். மொடமொடப்பானவற்றைத் திரும்ப அடுக்கினேன். அவள் அடுக்கினது மாதிரி வரவில்லை.

காலையில் மேனேஜர் மேடைமேல் சட்டையையும் உறையையும் அருகருகே வைத்தார். பொம்மைகளுக்கு இப்போது பொறுப்பாக இருக்கும் புதுப்பெண்ணும் வந்து நின்றாள்.

"போன வருஷப் பெட்டியில இருந்துச்சு சார், அப்பா பொம்மைக்கு அடிச் சட்டையாப் போட்டேன். டேக் விழுந்துடுச்சு போலன்னு நான்தான் புதுசா மாட்டினேன்," என்றாள். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது.

மேனேஜர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அதே பச்சை. ஓரத்தில் அதே கோடு. உறையின் நூலையும் சட்டையின் நூலையும் பார்த்தார்.

"சரி," என்றார்.

அந்த அம்மா குனிந்து பார்க்கவே இல்லை. தள்ளி நின்று தன் பையை மூடிக்கொண்டிருந்தார். நான் கொண்டுவந்த கவரை அவரிடம் நீட்டினேன்.

"என்ன இது?"

"எல்லாம் துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆனது. எனக்குப் பெருசாயிடுச்சு."

ஒன்றை வெளியே எடுத்தார். முழங்கையின் உள்பக்கம் தேய்த்துப் பார்த்தார். அடுத்ததைத் தேய்த்தார். மூன்றாவதைக் கன்னத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"பட்டன் எல்லாம் ஒரே நிறமா இருக்கே," என்றார். "நம்பலாமா?"

"நம்பலாம்மா."

"டேக் இல்ல. வாசல்ல மணி அடிச்சு என்னைத் திருடின்னு பிடிச்சா?"

"அடிக்காது. இதெல்லாம் வேலைக்கு வந்த சட்டை இல்ல."

அவருக்குப் புரியவில்லை. பரவாயில்லை என்பது போலக் கையை ஆட்டினார். கவரை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மணி அடிக்கவில்லை.

நான் நீலச் சட்டையை எடுத்தேன். மேனேஜர் இருமினார்.

"டேக் போட்டாச்சுப்பா. கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு. பில் போட்டுத்தான் எடுக்கணும்."

"என் சட்டைக்கா சார்?"

"உன் சட்டைக்குத்தான்." அவர் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "என் கணக்குல போடச் சொல்லு. போ, மாடியில ஆள் இல்ல."

வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. பில் போடும் பெண் டேக்கை வெட்டி எடுத்தாள். சட்டையை மடித்தாள். பச்சைப் பட்டன் மேலே தெரியும்படி மடித்தாள்.

"கவர்ல போடட்டுமா?"

வேண்டாம், போட்டுக்கொள்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, சட்டையைப் பிரித்து டி-ஷர்ட்டின் மேலேயே போட்டுக்கொண்டேன். அவள் காத்திருந்தாள். எனக்குப் பின்னால் வரிசையும் காத்திருந்தது.